எழுதிவைத்த பிள்ளை



வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கிவிட்ட தாயோ தகப்பனோ, ஊரில் விட்டுவிட்டுப் போன பிள்ளையைத் தன்னிடம் அழைத்துக்கொள்வது எப்படி என்று வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, விசா ஏஜென்ட்டும் இல்லை. ஹவுரா கோர்ட்டுப் பக்கம் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, வங்காளத்திலும் தமிழிலும் உள்ள சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறவள். இந்தப் பக்கம் ஸ்டாம்ப் வெண்டர், அந்தப் பக்கம் டைப்பிஸ்ட், எதிரே மண்குவளையில் டீ. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்களைவிட, அதோடு வைக்க வேண்டிய காகிதம் கிடைக்காமல் அலைகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் என் பேச்சும் அந்தப் பக்கமே சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹவுராவில் தமிழ்ச் சான்றிதழுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ரயில்வே உத்தியோகத்துக்காக இங்கேயும் சந்த்ராகாச்சியிலும் கரக்பூரிலும் வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. தாத்தா பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் கிளார்க், அப்பா தென்கிழக்கு ரயில்வேயில் கார்டு, பேரன் டொரன்டோவில் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பேரனுக்கும் இப்போது பிள்ளை இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் கனடாக்காரர்கள்தான் அதிகம். ஆகவே கனடா விதிகளை வைத்தே சொல்கிறேன்.

பெற்றோரைச் சார்ந்த பிள்ளை என்று கனடா யாரை ஏற்கிறது? 22 வயது நிறைந்திருக்கக் கூடாது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. தாலி கட்டாமல் சேர்ந்து வாழும் துணையும் இருக்கக் கூடாது. பெற்ற பிள்ளையானாலும் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையானாலும் சரி. 22 தாண்டியவர் என்றால், உடல்நிலையாலோ மனநிலையாலோ தன் காலில் நிற்க முடியாமல், 22 வயதுக்கு முன்பிருந்தே பெற்றோர் செலவில் வாழ்கிறவராக இருக்க வேண்டும். இந்த வரம்பு மாறாமல் இருந்ததும் இல்லை. 2014 ஆகஸ்டில் 19-க்குக் கீழே என்று இறக்கினார்கள். 2017 அக்டோபர் 24 முதல் மறுபடியும் 22-க்குக் கீழே என்று ஏற்றினார்கள். மற்ற நாடுகளில் கணக்கு வேறு. அமெரிக்காவில் 21-க்குக் கீழே. பிரிட்டனில் பெரும்பாலும் 18. ஆஸ்திரேலியாவில் 18, முழுநேரம் படிக்கிற பிள்ளை என்றால் 25 வரை நீளும்.

வயதை எந்தத் தேதியில் பார்க்கிறார்கள் என்பது முக்கியம். விசா கைக்கு வரும் நாளில் அல்ல. முழுமையான விண்ணப்பம் கனடாவின் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேரும் நாளில் என்ன வயதோ, அதுதான் கணக்கு. அதற்குப் பிறகு பரிசீலனை எவ்வளவு இழுத்தாலும் வயது ஏறாது. நல்ல ஏற்பாடுதானே? ஆனால் ‘முழுமையான’ என்கிற நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கட்டு அப்படியே திரும்பி வந்துவிடும். 21 வயதும் சில மாதங்களும் ஆன பிள்ளைக்கு, அது திரும்பி வந்து மறுபடி போவதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டால் கதை முடிந்தது.

பிள்ளையை அழைத்துக்கொள்ளும் இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அந்தக் கதையின் ஒரு முனை எங்கள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

ஹவுரா மாவட்டத்தில் பாவுரியா என்று ஓர் ஊர். அங்கே படகு ஏறினால் ஹூக்ளி ஆற்றின் மறுகரை பட்ஜ் பட்ஜ். அங்கே ரயில் நிலையத்துக்கே ‘கோமகாட்டா மாரு பட்ஜ் பட்ஜ்’ என்றுதான் பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். 1908-இல் கனடா ஒரு விதி போட்டது: சொந்த நாட்டிலிருந்து நேராக, ஒரே பயணமாக, ஒரே டிக்கெட்டில் வருகிறவர்களுக்குத்தான் அனுமதி. கல்கத்தாவிலிருந்து வான்கூவருக்கு நேர் டிக்கெட் தந்துகொண்டிருந்த கப்பல் கம்பெனியிடம் அதை விற்காதே என்றும் சொல்லிவிட்டார்கள். சட்டத்தில் இந்தியர் என்ற பேரே கிடையாது, ஆனால் இந்தியர் ஒருவரும் போக முடியாது. அதற்குமுன் போய்ச் சேர்ந்திருந்த ஆண்கள் அங்கே மரம் அறுத்துக்கொண்டிருக்க, மனைவி மக்கள் இங்கே. 1912-இல் அவர்களில் இரண்டு சீக்கியர்கள் தங்கள் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் எப்படியோ வான்கூவர் போய் இறங்கினார்கள். ஆண்கள் உள்ளே வரலாம், மனைவியும் பிள்ளைகளும் திரும்பிப் போக வேண்டும் என்று உத்தரவு! பெரிய போராட்டத்துக்குப் பிறகு, இது கருணையால் செய்வது, மற்றவர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டக்கூடாது என்று சொல்லி அனுமதித்தார்கள்.

1914-இல் குர்தித் சிங் என்பவர் வாடகைக்குப் பிடித்த ‘கோமகாட்டா மாரு’ கப்பல் 376 பேரோடு வான்கூவர் போனது. இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29-ஆம் தேதி அது பட்ஜ் பட்ஜில் வந்து நின்றது. பயணிகளை வலுக்கட்டாயமாக பஞ்சாபுக்கு ரயிலேற்றப் பார்த்தது பிரிட்டிஷ் போலீஸ். தகராறு மூண்டு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சுமார் இருபது பேர் செத்தார்கள். 2016-இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் விஷயம். 1918-இல் லண்டனில் நடந்த பேரரசுப் போர் மாநாட்டில் ஒரு தீர்மானம் வந்தது: பேரரசின் மற்ற நாடுகளில் நிலையாகக் குடியேறிவிட்ட இந்தியர் தங்கள் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனைகள். ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் மட்டும். அடுத்தது, வருகிற ஒவ்வொருவரும் அவருடைய சட்டபூர்வமான மனைவி அல்லது பிள்ளைதான் என்று இந்திய அரசாங்கம் சான்று தர வேண்டும். அடுத்த ஆண்டு கனடா இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கேட்டீர்களா? பிள்ளையை அழைத்துக்கொள் என்று சொன்ன அன்றைக்கே, இது உன் பிள்ளை என்பதற்குக் காகிதம் எங்கே என்றும் கேட்டுவிட்டார்கள். நூறு வருஷம் கழிந்தும் அதே கேள்விதான். என் மேஜைக்கு வருகிற கூட்டமெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி வருகிற கூட்டம்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருவோம். பிறப்புச் சான்றிதழ். எனக்கு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

பழைய பிறப்புப் பதிவேடு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். முதுகில் துணி ஒட்டியிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் குறுக்கே நீளமாகக் கட்டங்கள்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அப்பா பேர், அம்மா பேர், பிறந்த இடம், தகவல் கொடுத்தவர் யார். கடைசிக் கட்டத்தில் ஒரு கையெழுத்தோ கட்டைவிரல் ரேகையோ இருக்கும். பெரும்பாலும் அது அப்பாவாக இருக்காது. மாமாவோ, ஆஸ்பத்திரி ஆளோ, பக்கத்து வீட்டுக்காரரோ. அவசரத்தில் வந்து, தனக்குத் தெரிந்தபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார். எழுதுகிறவர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இருபது வருஷம் கழித்து அந்த நாலு வார்த்தைதான் கடல்தாண்டி ஓர் அதிகாரியின் முன்னால் போய் நிற்கிறது.

ஒரு குடும்பம் வந்தது. அம்மா பேர் வசந்தி. வங்காளத்தில் நம்முடைய ‘வ’ கிடையாது. எழுதும்போது அது ‘ப’ ஆகிவிடும். மகன் சான்றிதழில் அம்மா ‘பாசந்தி’ ஆகிவிட்டார். சிரிக்காதீர்கள், இது நம் இனிப்பு இல்லை. வங்காளத்தில் தெருவுக்குத் தெரு பாசந்தி என்ற பெண் உண்டு. ஆனால் கனடாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? பாஸ்போர்ட்டில் வசந்தி, சான்றிதழில் பாசந்தி. பிள்ளையை அழைக்க ஸ்பான்சர் செய்கிற அம்மாவும் பெற்ற அம்மாவும் ஒருவர்தானா என்றுதான் அவர் கேட்பார்.

அடுத்தது நம் இனிஷியல். வங்காளிகளுக்கு முகர்ஜி, கோஷ், தாஸ் என்று குடும்பப் பேர் உண்டு. நமக்கு? தாத்தா கிருஷ்ணமூர்த்தி, அப்பா கே. சுப்ரமணியன், மகன் எஸ். கார்த்திக். அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற இடத்தில் கிருஷ்ணமூர்த்தி, மகன் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் சுப்ரமணியன், பள்ளிச் சான்றிதழில் வெறும் கார்த்திக். ஒரே வீட்டில் எத்தனை குடும்பம் என்று பார்க்கிறவர் தலையைச் சொறிவார். இதற்கு ஒரு விளக்கக் கடிதமும், எல்லாப் பேரும் ஒரே ஆளைக் குறிப்பவைதான் என்று மாஜிஸ்திரேட் முன்னால் செய்த அஃபிடவிட்டும் வைப்பது நல்லது. ஹவுரா கோர்ட்டில் நாள்தோறும் நடக்கிற காரியம்தான்.

பேரே இல்லாத சான்றிதழும் வரும். ‘இன்னாரின் ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். பேர் வைக்குமுன்னே பதிந்துவிடுகிறோம். அப்புறம் போய்ச் சேர்க்க மறந்துவிடுகிறோம். சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பதிந்த ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம். கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் படாத பாடு படவேண்டும். உங்கள் வீட்டில் பதினாலு வயதுப் பிள்ளை இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்களேன்.

இன்னொரு வேடிக்கை. ஒரு மாமி ஹவுரா மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மகள் பேர் பதிவேட்டில் இல்லை என்கிறார்கள் என்று என்னிடம் வந்து அழுதார்.

“பிரசவம் எங்கே மாமி?”

“தலைப்பிரசவம் ஆச்சே, எங்க அம்மா ஆத்துலதான். மாயவரத்துல.”

மாயவரத்தில் பிறந்த பிள்ளையை ஹவுராவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? குடியிருக்கிற ஊரில் அல்ல, பிரசவம் நடந்த ஊரில்தான் பதிவு இருக்கும். வெளிமாநிலத்தில் இருக்கிற நம்மவர்கள் பாதிப்பேர் இந்த விஷயத்தில் தடுமாறுகிறார்கள். முதல் பிள்ளை தமிழ்நாட்டுச் சான்றிதழ், இரண்டாவது வங்காளச் சான்றிதழ். ஒன்றில் அம்மா வசந்தி, மற்றதில் பாசந்தி!

பதிவே செய்யாமல் விட்டிருந்தால்? பிறந்த 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை சிறு தாமதக் கட்டணம். ஒரு வருஷத்துக்குள் என்றால் நாமே சான்றொப்பமிட்ட ஆவணமும் அதிகாரியின் எழுத்து அனுமதியும். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. 19 வயதில் பதிந்த பிறப்பைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தடுப்பூசி அட்டை, பழைய பள்ளிக்கூடப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று துணைக்கு வைக்க வேண்டும். எதுவுமே போதவில்லை என்றால் கடைசி வழி டி.என்.ஏ. பரிசோதனை. போரில் வீட்டோடு காகிதங்களையும் விட்டுவிட்டு ஓடிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நம் நாட்டிலேயே பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இனிமேல் அசட்டையாக இருக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இங்கே எல்லாரும் வயதுக்கு ஆதாரமாக மாத்யமிக் என்கிற பத்தாம் வகுப்புப் பரீட்சையின் அட்மிட் கார்டைத்தான் நீட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழில் 21 வயது, அட்மிட் கார்டில் 22 வயது என்று ஒரு பையன் வந்து நின்றான். எந்தத் தேதி நிஜம் என்பது அவன் பாட்டிக்குத்தான் தெரியும். பாட்டி சாட்சி சொல்லி விசா வருமா?

மொழிபெயர்ப்பு பற்றி, இது என் பிழைப்பு என்பதால், ஒரு வார்த்தை. சித்தப்பா ஆங்கில வாத்தியார், அவரே செய்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்காது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லாதபோது, செய்தவர் அஃபிடவிட் கொடுக்க வேண்டும். சீல் உட்பட எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்; அடித்திருப்பதை அடித்திருப்பதாகவே காட்ட வேண்டும். “தீதி, அந்த ‘பா’வை ‘வ’ ஆக்கிடுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது” என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. தப்பைத் திருத்த வேண்டிய இடம் பதிவாளர் அலுவலகம். சட்டத்தின் 15-ஆம் பிரிவே அதற்காக இருக்கிறது. என் மேஜையில் திருத்தினால் அது பொய்ச் சான்று.

காகிதத்தில் தப்பாக எழுதுவதைவிடப் பெரிய ஆபத்து, எழுதாமல் விடுவது. இதை நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள். ஒருவர் தானே கனடாவுக்கு நிரந்தரமாகப் போக விண்ணப்பம் போட்ட காலத்தில், முதல் கல்யாணத்துப் பெண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. எழுதினால் சிக்கல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ ஏஜென்ட் சொன்னாராம். சில வருஷம் கழித்து அவளை அழைக்க விண்ணப்பித்தார். முடியாது என்று பதில் வந்தது. கனடா குடிவரவு விதிகளில் 117-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: நீ குடியேறும்போது சொல்லாத, அதனால் அதிகாரிகள் பரிசோதிக்காத பிள்ளையைப் பின்னால் உன் குடும்ப உறுப்பினராகக் கூட்டி வர முடியாது. கூட வராத பிள்ளையானாலும் படிவத்தில் காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 2019 செப்டம்பரில் ஒரு தளர்வு கொண்டுவந்து பிறகு நீட்டித்தார்கள். அகதிகளாகவோ குடும்பத்தாரின் ஸ்பான்சரிலோ போனவர்களில் சிலருக்கு அது உதவும். வேலைத் திறமையின் பேரில் போனவருக்கு உதவாது. நம்மவர் அப்படிப் போனவர். கருணை மனு என்று ஒரு வழி இருக்கிறது. வக்கீல், செலவு, வருஷக்கணக்கில் காத்திருப்பு. அந்தப் பெண் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அப்பாவின் பழைய படிவத்தின் நகலை மேலும் கீழும் பார்த்தாள். “என் பேரு எழுத ஒரு வரி இடம் இருக்கே, ஆன்ட்டி” என்றாள். நான் என்ன பதில் சொல்வது?

இன்னொரு வீட்டில் பாட்டி கெடுத்தார். பேத்திக்கு 21 வயது. அப்பா எல்லாம் ஒழுங்காக அனுப்பியாகிவிட்டது. விசா வரும்வரை பொறுப்போம் என்றில்லாமல், “கடல் தாண்டறதுக்குள்ள கழுத்துல ஒரு தாலி ஏறிடணும்” என்று பாட்டி பிடிவாதம். மாப்பிள்ளையையும் கூட அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டு கல்யாணச் சான்றிதழோடு என்னிடம் வந்தார்கள். வயது நிற்குமே ஒழிய, கல்யாண விஷயம் அப்படி நிற்காது. விண்ணப்பம் போட்ட நாள் முதல் கனடாவில் கால் வைக்கும் நாள் வரை அவள் கல்யாணமாகாதவளாகவே இருக்க வேண்டும். கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் விசா போயிற்று.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பான்சர் செய்கிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குடியுரிமை இல்லாமல் நிரந்தர உரிமை மட்டும் உள்ளவர் கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை விஷயத்தில் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானக் கணக்குக் கிடையாது. ஆனால் இந்தப் பிள்ளையின் செலவு என் பொறுப்பு என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 22-க்குள் உள்ள பிள்ளைக்கு அது பத்து வருஷம், அல்லது பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை, எது முந்தியோ அது. கியூபெக் மாகாணத்தில் மட்டும் கணக்கு வேறு. பெற்றோரில் ஒருவர் இங்கேயே இருந்தால், சிறு பிள்ளையை அனுப்ப அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். பிரிந்து வாழ்கிற தம்பதியிடம் இந்த ஒரு கையெழுத்தை வாங்குவதற்குள் பிராணன் போய்விடும். 18 வயதானவருக்குப் போலீஸ் சான்று. 14 வயது முதல் கைரேகை, அதைக் கொல்கத்தாவிலேயே கொடுக்கலாம். கனடா அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை. உடல்நிலை சரியில்லாத பிள்ளை என்று பயப்பட வேண்டாம். வைத்தியச் செலவு அதிகமாகும் என்ற காரணத்தைக் காட்டி, ஸ்பான்சர் செய்யப்படும் பிள்ளையை மறுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும்; கனடா அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் வாய்க்கணக்கை நம்பாதீர்கள்.

ஆக, பிள்ளையை மறைக்காதீர்கள், வயதை மாற்றாதீர்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் பேரும் தேதியும் பெற்றோர் பேரும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பிள்ளை சிறிதாக இருக்கும்போதே பார்த்துத் திருத்திவிடுங்கள். வெளிநாடு போகிற எண்ணமே இல்லாதவர்களும் பாருங்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்று இன்றைக்கு யார் கண்டது? அப்படி எல்லாரும் பார்த்துவிட்டால் என் மேஜைக்கு வருகிற கூட்டம் குறையும். குறையட்டும். பிள்ளைகள் பெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.